பிசின் குடித்த மரத்துக்கு மேற்பூச்சு எதற்கு?

மழையில் நனைந்த பழைய மரக்கதவைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்த நாளில் சாம்பல் பூத்துக் கிடக்கும் பலகையில் நீர் பட்டதும் ரேகைகள் எழுந்து வருகின்றன, பழுப்பு கறுத்து ஆழமாகிறது. வெயில் ஏறியதும் எல்லாம் போய்விடுகிறது. தண்ணீருக்கு நிறமில்லை. அப்படியானால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

லேத்தில் மரப்பேனா கடைபவர்கள் இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு பேனாவையும் முடிக்கிறார்கள். உப்புத்தாள் போட்டு முடித்த மரத்தை ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்தால் அது தன் முழு அழகையும் காட்டும். சில நொடிகளில் ஸ்பிரிட் ஆவியாகி, மரம் மறுபடி வெளிறிவிடும். அந்தச் சில நொடிகளை நிரந்தரமாக்குவது மேற்பூச்சின் முதல் வேலை. சாதாரண மரத்தில் இதில் இரண்டு கருத்து கிடையாது, ஏதாவது ஒன்றைப் பூசித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் ‘ஸ்டெபிலைஸ்டு வுட்’ என்று அவர்கள் சொல்லும் மரத்தில் தொடங்குகிறது. நிலைப்படுத்திய மரம் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் திரவப் பிசினைப் புகவிட்டு, அடுப்பில் சுட்டு இறுக வைத்த மரம் இது. இதைக் கடைந்து மெருகேற்றினால், எதையும் பூசாமலே நனைந்த மரத்தின் ஆழத்தோடு நிற்கும். அதனால் ஒரு சாரார், உள்ளேயே பிளாஸ்டிக் இருக்கும்போது மேலே இன்னொன்று எதற்கு என்கிறார்கள். மறு சாரார் அதன் மேலும் சூப்பர் குளூவை அடுக்கடுக்காகப் பூசிக் கண்ணாடிபோல ஆக்குகிறார்கள். இரு சாராரிடமும் நல்ல பேனாக்கள் இருக்கின்றன, சில மாதங்களில் மங்கிப்போன பேனாக்களும் இருக்கின்றன. யார் சொல்வது சரி என்பது கையிலிருக்கும் மரத்துண்டுக்குள் எவ்வளவு பிசின் போயிருக்கிறது, எந்த இடத்துக்குப் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே சொல்லலாம்.

முதலில் மரத்துக்குள் போவோம். மரம் நீண்ட, மெல்லிய செல்களால் ஆனது. மரம் உயிரோடு நிற்கும்போதே அவற்றில் பெரும்பாலானவை செத்து, சுவர் மட்டும் எஞ்சிய குழாய்களாகிவிடுகின்றன. செல்சுவர் செல்லுலோஸ், லிக்னின் முதலியவற்றால் ஆனது. இதில் ஒரு வியப்பான உண்மை உண்டு. எந்த மரத்தை எடுத்தாலும் செல்சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றேதான், கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். பஞ்சுபோன்ற பால்சா மரத்துக்கும் நீரில் மூழ்கும் கருங்காலிக்கும் சுவர்ப் பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது உள்ளே இருக்கும் வெற்றிடம். கன சென்டிமீட்டருக்கு அரை கிராம் எடையுள்ள இலேசான மாமரத்துண்டில் மூன்றில் ஒரு பங்குதான் சுவர், மீதி இரண்டு பங்கு காற்று. கருங்காலியில் கணக்கு தலைகீழ். முக்கால் பங்குக்கு அருகில் சுவர், கால் பங்கு சொச்சம்தான் காற்று.

மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கும். குழாயின் உள்வெளியில் தங்குவது ஒன்று, சுவருக்குள்ளேயே ஊறிக் கிடப்பது மற்றொன்று. உள்வெளியில் நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரத்தின் அளவு மாறாது. சுவருக்குள் இருக்கும் நீர் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். மரத்தின் உலர்ந்த எடையில் சுமார் 30 சதவீதம் வரை சுவர் நீரை ஏற்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக உள்ள இடத்தில் நெடுநாள் கிடக்கும் மரம் ஏறக்குறைய 16 சதவீத நீரோடு சமநிலைக்கு வரும். 40 சதவீத ஈரப்பதமுள்ள குளிரூட்டிய அறையில் அது 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். கடலோர ஊரில் சட்டைப்பையிலும் அலுவலக மேசையிலும் மாறி மாறி வாழும் பேனா, இந்த இரண்டு எண்களுக்கும் இடையே ஓயாமல் இழுபடுகிறது.

சுருங்கும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நீளவாக்கில் மிக மிகக் குறைவு. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், பச்சை நிலையிலிருந்து முழு உலர்வு வரை, பல மரங்கள் 6 முதல் 10 சதவீதம் சுருங்குகின்றன. பேனாவில் இந்த மரம் ஒரு பித்தளைக் குழாயின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. பரவலாகக் கடையப்படும் ஒல்லிப் பேனாவில் குழாய் 7 மில்லிமீட்டர். அதன் மேல் போர்த்தியிருக்கும் மரம், முனைகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். பித்தளை சுருங்காது, மரத்துக்குச் சுருங்கியே ஆக வேண்டும். இடம் கிடைக்காதபோது ரேகைவாக்கில் விரிசல் விடும். நிலைப்படுத்தும் யோசனை பிறந்ததற்கு இந்தச் சுருக்கமே காரணம்.

அந்த யோசனைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டாம் என்ற வேதியியலாளர், மரம் சுருங்குவதைத் தடுக்கும் வழிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நீரில் கரையும் பினால்-ஃபார்மால்டிஹைடு பிசினை மரத்தில் ஊறவைத்துச் சூட்டில் இறுக்கினார் அவர். பிசின் நீரோடு சேர்ந்து செல்சுவருக்குள்ளேயே புகுந்துவிட்டதால் மரம் உப்புவதும் சுருங்குவதும் சுமார் 70 சதவீதம் வரை குறைந்தது. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளையும் அவர் இதே நோக்கத்தோடு ஆராய்ந்தார். 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி 1961இல் வெளியே எடுக்கப்பட்ட வாசா கப்பலின் மரம் காய்ந்து வெடிக்காமல் காக்க, ஆண்டுக்கணக்கில் தெளிக்கப்பட்டது இந்தப் பொருள்தான். நீர் இருந்த இடத்தில், சுவருக்குள்ளேயே, அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

பேனாக்காரர்கள் பயன்படுத்துவது இவை இரண்டும் அல்ல. 1960களில் மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தை, அதாவது அக்ரிலிக் கண்ணாடியின் மூலப்பொருளை, மரத்துக்குள் செலுத்திக் காமா கதிரால் இறுக்கும் ஆய்வுகள் நடந்தன. கதிரியக்க மூலம் எல்லோருக்கும் எட்டுமா? சிரக்யூஸ் நகரின் வனவியல் கல்லூரியைச் சேர்ந்த ஜான் மேயர், வினையூக்கி கலந்து வெறும் சூட்டாலேயே இறுக்கும் முறையை 1965இல் வெளியிட்டார். இன்று வீட்டுப் பட்டறைகளில் நடப்பது அதன் எளிய வடிவம். முதலில் மரத்தை எடை குறைவது நிற்கும்வரை அடுப்பில் உலர்த்துகிறார்கள். பிறகு மெத்தாக்ரிலேட் வகைப் பிசினில் அமிழ்த்தி, வெற்றிடப் பம்பால் குமிழி வருவது நிற்கும்வரை காற்றை எடுக்கிறார்கள். பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டதும், வளிமண்டலம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் பிசினை அழுத்தி மரத்துக்குள் தள்ளுகிறது. பம்பு ஓடியதைவிட அதிக நேரம் ஊறவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, 90 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடுகிறார்கள். பம்பு ஓடும்போது பிசின் உள்ளே போவதில்லை, நின்ற பிறகுதான் போகிறது. அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இது.

இந்த மெத்தாக்ரிலேட் பிசின் நீரோடு ஒட்டுறவு இல்லாத பொருள். அதனால் செல்சுவருக்குள் அது பெரும்பாலும் புகுவதில்லை, உள்வெளியை மட்டும் நிரப்புகிறது. ஒரு வைக்கோல் கட்டை எடுத்து, ஒவ்வொரு தாளின் துளைக்குள்ளும் உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டு கெட்டியாகிவிடும், நசுங்காது. தண்ணீரில் போட்டால் துளை வழியாக நீர் ஓடாது. ஆனால் தாளின் உடம்பு இன்னும் வைக்கோல்தான். வெட்டுண்ட முனையிலிருந்து மெல்ல மெல்ல அது ஈரம் குடிக்கும். நாள் கணக்கில் ஊறினால் மெழுகில்லாத வைக்கோல் எவ்வளவு உப்புமோ கிட்டத்தட்ட அவ்வளவும் உப்பும்.

மரத்துக்குள் இப்படித்தான் நடக்கிறது என்பது எப்படித் தெரியும்? மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதைவிட அழகான சான்று ஒரு வெர்னியர் அளவியிலேயே கிடைக்கிறது. பிசின் செல்சுவருக்குள் புகுந்திருந்தால் சுவர் தடித்து, மரத்துண்டின் வெளி அளவு கூடியிருக்க வேண்டும். நீர் புகுந்தால் உப்புகிறதல்லவா, அதே காரணம். பினால் பிசினில் ஊறிய மரம் அப்படி உப்பிய நிலையிலேயே இறுகுகிறது. மெத்தாக்ரிலேட் ஊறிய மரமோ, எடை இரட்டிப்பானாலும் அளவில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. சேர்ந்த எடை முழுவதும் ஏற்கெனவே காலியாக இருந்த இடத்துக்குள் போயிருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். அந்தத் துண்டையே நீரில் ஊறவைத்து அவ்வப்போது அளந்தால் இரண்டாவது சான்றும் கிடைக்கும். உப்பும் வேகம் மிகவும் குறைகிறது, கடைசியில் எட்டும் அளவோ பெரிதாகக் குறைவதில்லை.

ஆக, நிலைப்படுத்திய மரத்தை ஈரம் ஒன்றும் செய்யாது என்று விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது ஈரத்தைத் தாமதப்படுத்துகிறது. பேனாவைப் பொறுத்தவரை இந்தத் தாமதமே பெரிய லாபம். ஒரு நாளின் ஏற்ற இறக்கமும் ஒரு வாரத்தின் ஏற்ற இறக்கமும் மரத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். ஆனாலும் மெல்லிய முனைகளில் வேலை பாக்கி இருக்கிறது.

இனி நனைந்த கதவுக்கு வரலாம். ஒளி ஒரு பொருளிலிருந்து வேறொரு பொருளுக்குள் நுழையும்போது, அவற்றின் ஒளிவிலகல் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அதற்கேற்ப ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. காற்றின் எண் 1, செல்லுலோஸின் எண் ஏறக்குறைய 1.53. காற்று நிறைந்த உள்வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் ஒளியில் நூற்றுக்கு நான்குக்குச் சற்று அதிகமான பங்கு திரும்புகிறது. குறைவாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு நாரின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டியது. அரை மில்லிமீட்டர் ஆழம் போவதற்குள் ஒளி ஐம்பது முகப்புகளையாவது சந்திக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி, உள்ளே இருக்கும் நிறத்தைத் தொடுமுன்பே பெரும்பங்கு வெளியே வந்துவிடுகிறது. காய்ந்த மரத்தின் வெளுப்பு இந்தச் சிதறல்தான்.

உள்வெளியில் நீர் புகுந்தால் கணக்கு மாறுகிறது. நீரின் எண் 1.33. நீருக்கும் சுவருக்கும் இடையில் திரும்பும் ஒளி ஆயிரத்துக்கு ஐந்தாகக் குறைகிறது. ஒளி ஆழமாகப் போய், மரத்தின் நிறப்பொருள்களைத் தொட்டுத் திரும்புகிறது. நிறம் அங்கேயேதான் இருந்தது, ஒளி அதுவரை அதை எட்டவில்லை. இறுகிய அக்ரிலிக்கின் எண் 1.49. இப்போது ஒரு முகப்பில் திரும்புவது பத்தாயிரத்துக்கு இரண்டு பங்குதான். ஒளிக்குச் சுவர் இருப்பதே ஏறக்குறையத் தெரியாது. பேனாவைச் சுழற்றும்போது பட்டுச்சேலைபோல் மினுங்கி நகரும் ஒளிப்பட்டைகள், வளைந்து நெளிந்து ஓடும் நார்களின் திசையால் வருபவை. மேலே கிடந்த வெளுப்பு விலகியதும் அவையும் தெளிவாகத் தெரிகின்றன. பூச்சு தடிமனாக இருந்தால் ஆழம் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆழம் உள்ளிருந்து வருவது. முழுதாக நிரம்பிய மரத்துக்குத் தடித்த பூச்சு சேர்ப்பது வெளிப் பளபளப்பு மட்டுமே.

இதிலிருந்து முக்கியமான கேள்வி ஒன்று எழுகிறது. மரம் முழுதாக நிரம்பியிருக்கிறதா? இங்கேதான் அந்த 1.5 கைகொடுக்கிறது. சுவரின் அடர்த்தி 1.5. இறுகிய அக்ரிலிக்கின் அடர்த்தி சுமார் 1.18. உள்வெளி முழுவதும் பிசின் நிரம்பிய மரத்தின் அடர்த்தி, அது எந்த மரமானாலும், இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் இருக்க முடியும். 1.18க்குக் கீழே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். வேறு வழியே கிடையாது.

கணக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரம், 13 சென்டிமீட்டர் நீளமுள்ள பேனாக் கட்டையின் பருமன் 52 கன சென்டிமீட்டர். அது 61 கிராமுக்குக் குறைவாக எடை காட்டினால் முழுதாக நிரம்பவில்லை. அரை கிராம் அடர்த்தியுள்ள மாமரம் முழுதாக நிரம்பினால் 67 கிராம் வரவேண்டும். 50 கிராம்தான் வருகிறது என்றால், கட்டையின் பருமனில் கால் பங்குக்கு மேல் இன்னும் காற்று. நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசே போதும். தராசும் இல்லையென்றால் வாளித் தண்ணீர் இருக்கிறது. இலேசான மரம் மூழ்காமல் மிதந்தால் அது அரைகுறையாக நிரம்பியது.

பூஞ்சை படர்ந்து கறுப்புக் கோடுகள் ஓடும் மாமரம் இந்த வேலைக்கு அருமையானது. பூஞ்சை சுவர்ப் பொருளைத் தின்று வெற்றிடத்தைப் பெருக்கி வைத்திருப்பதால் பிசின் தாராளமாகப் போகும். வீணென்று ஒதுக்கும் கட்டை பேனாவாக உயிர்பெறுவதை நான் இந்தத் தொழிலின் பெரிய கொடையாகவே நினைக்கிறேன். மாறாக, கருங்காலி, தோதகத்தி போன்ற அடர்ந்த மரங்களுக்கு நிலைப்படுத்தல் பெயரளவில்தான். உள்ளே இடமும் குறைவு, இருக்கும் பாதைகளும் அடைபட்டவை. தோதகத்தி இனத்து மரங்களில் இயற்கையாக உள்ள வேதிப்பொருள்கள் சில, பிசின் இறுகும் வினையையே தடுத்துவிடுகின்றன. அவற்றைச் சாதாரண மரமாகக் கருதிப் பூச்சு தேடுவதே நேர்மை. இடைப்பட்டவைதான் தந்திரக்காரர்கள். ஒரே கட்டையில் வெள்ளை மரப்பகுதி நிரம்பியிருக்கும், வைரம் பாய்ந்த பகுதி நிரம்பாமல் இருக்கும். எடை சராசரியைத்தான் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க, கடைந்த துண்டின் மேல் வெள்ளை மெருகுப் பசையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு லென்ஸால் பாருங்கள். நிரம்பாத துளைகளில் பசை போய் உட்கார்ந்து வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டிக்கொடுக்கும். இந்தச் சோதனையை ஒதுக்கிய துண்டில் செய்யுங்கள், ஏனென்றால் அந்தப் புள்ளிகள் எளிதில் போவதில்லை.

இப்போது பூச்சுகளுக்கு வரலாம். எண்ணெயை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுபவை. நிரம்பிய மரத்தில் ஊற இடமில்லை. மேலேயே தங்கி, நாள்கணக்கில் பிசுபிசுத்து, கடைசியில் மென்மையான ஒரு படலத்தை மட்டும் விட்டுவைக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அந்த வினையின் வெப்பத்திலேயே தீப்பிடிக்கவும் கூடும். பயன் குறைவான ஒன்றுக்கு இத்தனை ஆபத்து வேண்டாம்.

அரக்கு அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் இது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து உலகத்துக்குப் போகிறது. 1924இலேயே ராஞ்சி அருகே நாம்கும்மில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அரக்கு இளகுவது 65 முதல் 80 டிகிரி வரையிலான சூட்டில். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துப் பொம்மைக்காரர்களும் அம்பாசமுத்திரத்துச் சொப்புக்காரர்களும் சுழலும் மரத்தின் மேல் நிற அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் பரவி, நொடியில் கெட்டிப்படுகிறது. பேனாக்காரர்கள் ‘ஃபிரிக்‌ஷன் பாலிஷ்’ என்று வாங்குவதிலும் இதே அறிவியல்தான், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோடு கொஞ்சம் எண்ணெய். சில நிமிடங்களில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு வந்துவிடும்.

சொப்புக்கு அது சரி. பேனாவை ஒருவர் நாள்தோறும் மணிக்கணக்கில் பிடித்திருக்கிறார். எந்த ஸ்பிரிட்டில் கரைந்து வந்ததோ அதே ஸ்பிரிட்டில் அரக்கு மறுபடி கரையும். கையில் பூசும் கிருமிநாசினித் திரவத்தில் பாதிக்கு மேல் ஆல்கஹால்தான். வியர்வை ஈரத்தில் அரக்கு வெள்ளை படரும். சாதாரண மரத்திலாவது அரக்கு துளைகளுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ள வழியுண்டு. நிரம்பிய மரத்தில் அந்தப் பிடியும் குறைவு. விரல் படும் இடம்தான் முதலில் மங்கும். காட்சிக்கு வைக்கும் பேனாவுக்கு அரக்கைப் பரிந்துரைப்பேன், எழுதும் பேனாவுக்கு மாட்டேன்.

பாலியூரித்தேன், லாக்கர் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல படலங்கள்தான். ஆனால் ஒவ்வொரு பூச்சும் காய நேரம் வேண்டும், தூசி ஒட்டாத இடம் வேண்டும். பொறுமையும் இடமும் உள்ளவர்களுக்கு அவை சரிப்படும்.

சூப்பர் குளூவை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேனா உலகத்தை ஆள்வது அதுதான். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது சயனோஅக்ரிலேட்டைக் கண்டார். தொட்டதையெல்லாம் ஒட்டியதால் ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் அவரோடு பணியாற்றிய ஃபிரெட் ஜாய்னர், அதன் ஒளிவிலகல் எண்ணை அளப்பதற்காகக் கருவியின் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு இடையே அதைத் தடவினார். பட்டகங்கள் பிரியவே இல்லை. ஒரு பசை பிறந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. 1958இல் அது விற்பனைக்கு வந்தது.

இந்தத் திரவம் இறுகக் காற்றும் வேண்டாம், சூடும் வேண்டாம். மரத்தின் மேற்பரப்பிலும் காற்றிலும் உள்ள சிறிதளவு ஈரமே வினையைத் தொடங்கி வைக்கிறது. நொடிகளில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. இறுகிய படலத்தின் ஒளிவிலகல் எண்ணும் அக்ரிலிக்கை ஒட்டியது. எனவே நிரம்பாத துளைகளை நிரப்பி, நிரம்பியவற்றோடு பார்வைக்கு வேறுபாடின்றிக் கலந்துவிடுகிறது. அரைகுறையாக நிரம்பிய மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு கிடையாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். நீர்த்த வகையை முதலில் பூசினால் துளைகளுக்குள் இறங்கும். அதன் மேல் சற்றுக் கெட்டியான வகையைச் சில அடுக்குகள் பூசலாம்.

ஈரமே வினையைத் தொடங்குவதால் மழைக்காலச் சென்னையில் இது அடங்காது. படலம் அளவுக்கு மீறிய வேகத்தில் இறுகிக் கலங்கும். ஆவியாகும் திரவம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படியும். காவல்துறைத் தடயவியலாளர்கள் கண்ணுக்குத் தெரியாத விரல்ரேகைகளை வெளிக்கொணர்வது இதே விளைவைக் கொண்டுதான். ஆவி, ரேகையின் ஈரமும் உப்பும் உள்ள இடங்களில் வெள்ளையாகப் படிகிறது. அடுக்குகளை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்தால் கலங்கல் வராது. பூசுவதற்குப் பருத்தித் துணி வேண்டாம், பருத்தியில் வினை வேகமெடுத்துச் சுடும், புகையும். காகிதத் துண்டும், பாதுகாப்புக் கண்ணாடியும், காற்றோட்டமும் அவசியம்.

நிலைப்படுத்திய மரத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெருகேறிய, துளையற்ற பரப்பில் எந்தப் பூச்சுக்கும் கால் ஊன்ற இடமில்லை. சூப்பர் குளூ இழுவிசைக்கு வலுவானது, உரிப்பதற்கு வலுவற்றது. விளிம்பில் ஒரு நகம் நுழைந்தால் செதிலாகக் கழன்று வரும். ஆகவே பூசப்போகிறீர்கள் என்றால் 400 எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நுண்கீறல்கள்தான் பிடிமானம். பூசியதும் அவை கண்ணுக்கு மறைந்துவிடும், காரணம் முன்பு சொன்ன அதே ஒளிவிலகல் எண்.

பூசாமல் விடப்போகிறீர்கள் என்றால் மெருகேற்றுவதே முழு வேலை. 400 எண் தாளின் துகள் சுமார் 35 மைக்ரான், 2000 எண் தாளின் துகள் சுமார் 10 மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ அரை மைக்ரானை ஒட்டியது. கீறலின் ஆழம் அந்த அளவைவிடக் கணிசமாகக் குறைந்தால்தான் பரப்பு கண்ணாடியாகத் தெரியும். விமானத்தின் அக்ரிலிக் சன்னல்களை மெருகேற்ற வந்த ‘மைக்ரோ-மெஷ்’ பட்டைகள் பேனாப் பட்டறைக்குள் நுழைந்தது இதற்காகவே. அவற்றின் 1500 முதல் 12000 வரையிலான எண்கள் சாதாரண உப்புத்தாளின் எண்களோடு ஒப்பிடக்கூடியவை அல்ல. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே லேத்தை நிறுத்தி நீளவாக்கில் தேய்த்தால் வளையக் கீறல்கள் மறையும். அவசரப்பட்டு வேகம் கூட்டக் கூடாது. அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்குவது. உராய்வுச் சூட்டில் பிசின் இளகி இழுபட்டால் பரப்பு மங்கிவிடும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது இந்தச் சூட்டைத் தணிக்கத்தான்.

அதன் மேல் ஒரு மெழுகு. கார்னௌபா மெழுகு பிரேசிலின் ஒரு பனையிலையிலிருந்து வருவது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும், விரல்ரேகை படியும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகுக் கலவை இவ்விரண்டையும்விட எனக்குப் பிடித்தது. அதில் அமிலத்தன்மை இல்லை, கைபட்ட தடமும் குறைவு. மெழுகை ஈரத்துக்குத் தடுப்பாக நினைக்க வேண்டாம், அது கைக்கு வழுவழுப்புத் தருகிறது, நுண்கீறல்களை மறைக்கிறது, அவ்வளவுதான். தேயும், மறுபடி தடவிக்கொள்ளலாம். பூச்சில்லாத பேனாவின் பெரிய வசதியும் இதுதான். பத்து ஆண்டு கழித்து மங்கினாலும் நுண்பட்டையால் தேய்த்தால் புதிதாகிவிடும். படலம் உரிந்த பேனாவை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் சீராக்க முடியும்.

என் தேர்வு இப்படி. அடர்த்தி 1.18ஐத் தாண்டி, மெருகுப் பசைச் சோதனையில் புள்ளி தெரியாத மரத்துக்கு, பூச்சே வேண்டாம், மெருகும் மெழுகும் போதும். 1.1க்கும் கீழே இருந்தால் சூப்பர் குளூ. இடையில் இருப்பவற்றுக்கு நீர்த்த சூப்பர் குளூவை ஓரிரு முறை பூசி, பரப்பு வெளிப்படும்வரை தேய்த்தெடுத்துவிடுகிறேன். துளைக்குள் இருப்பது தங்கும், மேலே படலம் இராது. பூச்சுள்ள பேனா பிளாஸ்டிக்போல் குளிர்ச்சியாக இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு பூச்சால் வருவதில்லை. உள்வெளிக் காற்று போய்ப் பிசின் வந்ததால் மரம் கையின் சூட்டை முன்பைவிட வேகமாக உறிஞ்சுகிறது. பூச்சை நீக்கினாலும் பெரும்பாலும் அது இருக்கும். நிறமும் அப்படியே. செம்மரம், வேங்கை போன்றவற்றின் சிவப்பு வெயிலில் பழுப்பாவதைத் தெளிவான எந்தப் பூச்சும் முழுமையாகத் தடுப்பதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு முனைகளையும் மறக்கக் கூடாது. அங்கேதான் செல்குழாய்கள் குறுக்கே வெட்டுண்டு சுவர்கள் வாய் திறந்து நிற்கின்றன, மரம் மிக மெல்லியதாக இருப்பதும் அங்கேதான். பேனாவின் உலோகப் பாகங்களை அழுத்திப் பொருத்தும்போது முழு விசையையும் தாங்குவதும் அந்த இடமே. சில மாதங்களில் முனையோரமாக வெள்ளை நிழல்போலப் படலம் தூக்கிக்கொள்வது, திறந்த முனை வழியாக ஏறிய ஈரம் மரத்தை அசைத்ததன் விளைவு. கடைந்து முடித்ததும் முனைகளைச் சமன்படுத்தி, பித்தளை விளிம்பு வரை நீர்த்த சூப்பர் குளூவை ஒரு துளி ஓடவிட்டு, இறுகிய பின் மெல்லிய தாளால் ஒருமுறை இழைத்து, கூர்மையான ஓரத்தைச் சற்று மழுக்கிவிட்டு, அதன் பிறகே பாகங்களை அழுத்துங்கள். பூச்சே பூசாத பேனாவுக்கும் இந்த ஒரு துளி தேவை.